பார் விளையாடிய சேச்சியும் அம்மாவின் தையல் மெஷினும்

குழு: செல்லூர் வீட்டு வாரிசுகள்
ஞாயிறு

காலை 8:10
கோவை சித்தப்பா: (புகைப்படம்) டிரங்குப் பெட்டியைக் குடைந்தபோது அகப்பட்டது. ரோஸ் நிற சர்க்கஸ் நோட்டீஸ். பாதியைக் கரையான் தின்றுவிட்டது. "தினசரி 3 காட்சிகள்" என்பது மட்டும் மிச்சம். எந்தக் கம்பெனி என்று பெரியவர்கள் சொல்லவும்.

8:14
பெரியப்பா: இதை வைத்துச் சொல்ல முடியாதப்பா. எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரித்தான் அச்சடிப்பார்கள். நடுவில் வாயைப் பிளந்த சிங்கம், மேலே பறக்கும் பெண், ஓரத்தில் பபூன். குதிரை வண்டியில் பேண்டு வாசித்துக்கொண்டே வீசிப் போவார்கள்.

8:15
அத்தை: நோட்டீஸ் எதற்கு? ராத்திரி வானத்தில் சர்க்கஸ்காரர்களின் சர்ச்லைட் வெளிச்சம் சுற்றினால் போதாதா? தமுக்கம் மைதானத்தில் கூடாரம் போட்டால் நம் மொட்டை மாடியில் தெரியும். மறுநாளே அண்ணன் அப்பாவைச் சுற்றி வர ஆரம்பித்துவிடுவார்.

8:17
பெரியப்பா: நான் சுற்றினேன், நீ அழுதாய். இரண்டுக்கும் சேர்த்துக் கிடைத்தது தரை டிக்கெட்.

8:21
கயல்: பெரியப்பா, சர்க்கஸ் என்றாலே மலையாளிகள்தான் என்கிறார்களே, அப்படியா?

8:34
பெரியப்பா: தொடங்கியவர் மராத்திக்காரர் அம்மா. விஷ்ணுபந்த் சத்ரே, 1880-ல், பம்பாயில். அவர் கம்பெனி பிறகு தலச்சேரிக்குப் போயிருக்கிறது. அங்கே கீலேரி குஞ்ஞிக்கண்ணன் என்று ஓர் உடற்பயிற்சி ஆசிரியர், களரி தெரிந்தவர். அவர்தான் 1901-ல் சர்க்கஸ் கற்றுக்கொடுக்கவே ஒரு பள்ளி வைத்தார். அவருடைய மாணவர் பரியாளி கண்ணன் 1904-ல் கிராண்ட் மலபார் சர்க்கஸை ஆரம்பித்தார். நாம் பார்த்த காலத்தில் எந்தக் கூடாரத்துக்குள் போனாலும் பாதிப் பேர் தலச்சேரி, கண்ணூர்ப் பக்கத்து ஆட்கள்தான். ஜெமினி சர்க்கஸின் எம்.வி. சங்கரனும் அந்த ஊர்ப் பள்ளியில் தேறியவரே. நண்பர் சகாதேவனோடு சேர்ந்து நொடித்துக் கிடந்த விஜயா சர்க்கஸை 6,000 ரூபாய்க்கு வாங்கி, ஜெமினி என்று பெயரை மாற்றி, 1951 ஆகஸ்ட் 15 அன்று குஜராத்தில் பிலிமோரா என்ற ஊரில் முதல் காட்சி போட்டார்கள். அறுபதுகளில் சோவியத் நாடு வரைக்கும் போய் வந்தார்கள். சங்கரன் 2023-ல்தான் காலமானார்.

8:36
கோவை சித்தப்பா: அண்ணன் காலையிலேயே வகுப்பு எடுக்க ஆரம்பித்துவிட்டார். எல்லாரும் வருகைப் பதிவு கொடுக்கவும்.

8:36
கதிர்: உள்ளேன் ஐயா.

8:52
அத்தை: கம்பெனி முதலாளிகளின் பெயரெல்லாம் அண்ணனுக்கு மனப்பாடம். நம் வீட்டுக்கே வந்துபோன ஆளை மட்டும் மறந்துவிட்டார்.

8:53
கயல்: யார் அத்தை?

9:06
அத்தை: 1960 வாக்கில் என்று வைத்துக்கொள். எனக்கு எட்டு வயதிருக்கும். கூடாரம் போட்டு ஒரு மாதம் இருந்தார்கள். அம்மா அப்போது தெருவுக்கே ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். யாரோ சொல்லி, பார் விளையாடுகிற, அதாவது உயரத்தில் ஊஞ்சல் கம்பியில் தொங்கித் தாவுகிற பெண் ஒருத்தி உடை மூட்டையோடு வந்துவிட்டாள், துணைக்கு ஒரு வயதான அம்மாளும். எல்லாம் ஜிகினா வைத்த உடை. கம்பியிலும் கயிற்றிலும் உரசி, அக்குளிலும் இடுப்பிலும் கிழிந்து கிடந்தது. அம்மா உள்பக்கம் இரட்டைத் துணி கொடுத்துத் தைத்தாள். அழகுக்கு இருக்கட்டும் என்று கை ஓரத்திலும் இரண்டு வரிசை ஜிகினா வைத்துவிட்டாள். அந்தப் பெண் பார்த்ததும் பதறிப்போய், பல்லாலேயே நூலைக் கடித்துப் பிய்த்து எடுத்துவிட்டாள். "அம்மா, இங்கேதான் என்னைப் பிடிப்பார்கள். ஜிகினா இருந்தால் வழுக்கும்" என்றாள்.

9:09
அத்தை: மணிக்கட்டை நீட்டிக் காட்டினாள். வளையல் போடுகிற இடம் முழுக்கத் தோல் காய்த்துப்போயிருந்தது. விரலை விரல் பிடிப்பதில்லையாம். இவள் மணிக்கட்டை எதிரே தொங்கிப் பிடிக்கிறவரும் அவர் மணிக்கட்டை இவளும் பிடிப்பார்களாம். ஒரு பிடி நழுவினாலும் இன்னொன்று நிற்கும்.

9:11
பெரியப்பா: ஞாபகம் வந்துவிட்டது! மலையாளத்தில் அக்காவைச் சொல்வதுபோல் சேச்சி என்று கூப்பிடுவோம். வலையில் எப்படி விழவேண்டும் என்று திண்ணையில் பாய் விரித்து எனக்குக் காட்டியது அவர்தான். காலை ஊன்றி விழுந்தால் முட்டி போய்விடும், குப்புற விழுந்தால் முகம் போய்விடும். நடு முதுகு படும்படி விழுந்து, அப்படியே வலை ஓரத்துக்கு உருண்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கவேண்டும்.

9:12
அத்தை: அதைத் திண்ணையிலிருந்து குதித்துச் செய்து பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டது யார் என்று சொல்லட்டுமா?

9:12
பெரியப்பா: வேண்டாம்.

9:15
கோவை சித்தப்பா: என் ஓட்டு பபூனுக்குத்தான். கடைசியில் பார் ஆட்டத்துக்கு நடுவே ஏறி, கால்சட்டை அவிழ, கத்திக்கொண்டே வலையில் விழுவாரே.

9:18
பெரியப்பா: அவர்தான் அந்தக் குழுவில் கைதேர்ந்தவராக இருப்பார். கைதவறுவதுபோல் நடித்துக்கொண்டே சரியான இடத்தில் விழவேண்டுமே.

9:26
கயல்: அத்தை, அந்த அக்காவைப் பற்றி இன்னும் சொல்லுங்கள்.

9:40
அத்தை: நானும் சர்க்கஸில் சேர்ந்துகொள்கிறேன் என்று அவளிடம் ஒருநாள் சொன்னேன். சிரித்தாள். அவளை ஏழு வயதில் ஒப்பந்தம் போட்டுக் கம்பெனியில் விட்டார்களாம். சம்பளம் மாதாமாதம் மணியார்டரில் வீட்டுக்குப் போய்விடும். விடியும் முன்னே எழுந்து பயிற்சி, பிறகு மூன்று காட்சி. கேட்டைத் தாண்டவேண்டும் என்றால் அனுமதி வாங்கவேண்டும், கூடவே அந்த அம்மாளும் வருவாள். தையல் கடைக்கு வரக்கூடக் காவலா என்று அம்மாவே கேட்டாள். "உன்னை அம்மா அடித்தால் எதிர்வீட்டுக்கு ஓடிப்போய் அழுவாய். நான் எந்த ஊரில் யார் வீட்டுக்கு ஓடுவேன்?" என்றாள் என்னிடம். ஊரே வாய் பிளந்து பார்த்த பெண். கிணற்றடியில் உட்கார்ந்து பாத்திரம் தேய்க்கிறேன் என்று அம்மாவிடம் கேட்டு வாங்கித் தேய்ப்பாள். வீட்டு வேலை செய்தால் வீட்டில் இருப்பதுபோல் இருக்கிறதாம்.

9:47
கயல்: இதனால்தான் சட்டமே வந்தது. சர்க்கஸில் குழந்தைகளைச் சேர்க்கத் தடை அறிவிக்கும்படி 2011-ல் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

9:49
கோவை சித்தப்பா: அதற்கு முன்பே சிங்கத்தைப் பிடுங்கிவிட்டார்கள். சிங்கம் இல்லாத சர்க்கஸுக்கு யார் போவார்கள்? அதோடு தொழிலே படுத்துவிட்டது.

9:53
கயல்: அப்பா, பிடுங்கவில்லை. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகிய ஐந்தையும் பழக்கி ஆட்டக்கூடாது என்று 1998-ல் மத்திய அரசு அறிவித்தது. முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். 2001-ல் உச்ச நீதிமன்றமும் அரசு பக்கம்தான் நின்றது.

9:55
அத்தை: நான் கயல் பக்கம். அந்தக் கூண்டு நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது. மனிதர்கள் செய்ததற்குத்தான் நான் கைதட்டினேன்.

9:58
பெரியப்பா: சட்டம் பாதி, டி.வி. பாதி. இடவாடகை, தீவனம், இருநூறு முந்நூறு பேருக்குச் சாப்பாடு, ரயிலிலும் லாரியிலும் ஊர் ஊராகக் கூடாரம் சுமக்கிற செலவு. கூட்டம் குறைந்தால் எந்தக் கம்பெனி தாங்கும்?

10:04
கோவை சித்தப்பா: சரி, தோற்றேன். மரணக் கிணறாவது உண்டா? பொருட்காட்சியில் மரப்பலகைச் சுவரில் பைக் ஓட்டுவாரே. அடியில் சரிவில் இரண்டு சுற்று, பிறகு சுவரேறிவிடுவார். பலகை தடதடவென்று ஆடும். மேலே விளிம்பில் நின்று ரூபாய் நோட்டை நீட்டினால், கையை விட்டு ஓட்டிக்கொண்டே பிடுங்கிப் போவார். என் ஒரு ரூபாய் அப்படித்தான் போனது.

10:05
கதிர்: சித்தப்பா செலவு செய்த ஒரே ரூபாய் அதுதான் என்று அப்பா சொல்வார்.

10:11
கயல்: அந்த சேச்சி பிறகு வந்தாரா அத்தை? கேரள அரசு முதிய சர்க்கஸ் கலைஞர்களுக்கு ஓய்வூதியம் கொடுக்கிறது. அவருக்கும் கிடைத்திருக்கலாம்.

10:16
அத்தை: கிடைத்திருந்தால் சந்தோஷம். அந்தப் பக்கம் வரவே இல்லை. கம்பெனி தையல் கூலியில் நாலு ரூபாய் பாக்கி வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டது. அதற்குப் பதிலாகக் கடைசி நாள் காட்சிக்கு இரண்டு பாஸ் கொடுத்தார்கள். அண்ணனும் நானும் போனோம். சேர் வரிசை! சேச்சி ஏறுவதற்கு முன் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

10:17
கோவை சித்தப்பா: ஒரு நிமிடம். கடைசி நாளா?

10:17
கோவை சித்தப்பா: அன்றைக்குச் சிங்கம் கூண்டை உடைத்துக்கொண்டு ஓடிவிட்டது, காட்சி ரத்து, வெளியே வராதே என்று சொல்லி என்னை அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டுப் போனீர்களே!

10:18
பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

10:19
அத்தை: இரண்டு பாஸ்தான் இருந்தது தம்பி.

10:20
கோவை சித்தப்பா: நான் ராத்திரி பத்து மணி வரைக்கும் மூட்டைக்குப் பின்னால் இருந்தேன்.