முகாமுக்குப் புறப்படும் முன் உங்கள் அனுபவம் தேவை

அனைவருக்கும் வணக்கம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 42 பேரை மூன்று நாள் முகாமுக்கு அழைத்துப் போகிறோம். பொறுப்பு என்னுடையது.

பகலைப் பற்றிக் கவலையில்லை, இரவுதான். போன முறை ஒரு சிறுவன் போர்வையைத் தலை வரை இழுத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதான். "அம்மாவைக் கூப்பிடட்டுமா?" என்று நான் கேட்டதும் அழுகை கூடியது. அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்று பிறகுதான் புரிந்தது. மறுநாள் காலை விறகு அடுக்கும் வேலையை அவனிடம் ஒப்படைத்தேன். மதியத்துக்குள் மற்றவர்களுக்கு வேலை சொல்லிக்கொண்டிருந்தான். வீட்டு ஏக்கத்தைக் கடக்க உங்களுக்குக் கைகொடுத்த வழிகள் என்னென்ன?

இன்னொன்று, நீர். 2021இல் மட்டும் உலகில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. மூழ்குபவர் பெரும்பாலும் கத்துவதில்லை. மூச்சு வாங்கவே நேரம் போதாது. நண்பன் தத்தளித்தால் நீயும் குதிக்காதே, பெரியவர்களைக் கூப்பிடு, கரையில் நின்றபடி கம்பையோ கயிற்றையோ கொடு என்பதைப் பிள்ளைகளைப் பயமுறுத்தாமல் மனத்தில் பதியவைக்க வேண்டும். இதை நடித்துக் காட்டிப் பழக்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எப்படிச் செய்தீர்கள் என்று விரிவாக எழுதுங்கள். புறப்பட இரண்டு வாரம்தான் இருக்கிறது.