ஹரிக்கேன் உடம்பில் ரேடியல் இன்ஜின்: 1/72 அளவு கற்பனை விமான மாடல், எங்கே இடிக்கும்?

சூலூரான்:
போர்க்காலத்தில் கோவையில பிரிட்டிஷ் கடற்படையோட விமானப் பழுதுபார்ப்பு யார்டு இருந்ததுங்களே. அங்கே 1944-ல் கைக்குக் கிடைச்ச பாகங்களை வெச்சு ஒரு சண்டை விமானம் கட்டியிருந்தா எப்படி இருக்கும்? பிரிட்டிஷ் சண்டை விமானம் ஹரிக்கேன் 2சி-யோட உடம்பும் இறக்கையும், அதோட மெர்லின் இன்ஜினுக்குப் பதிலா அமெரிக்க ஹெல்கேட் சண்டை விமானத்தோட ஆர்-2800 ரேடியல் இன்ஜின் (சிலிண்டர்கள் வட்டமா நிக்கற வகை). பார்க்கிறவங்க நம்பணும். எது ஒத்துவராதுங்க?

பீளமேடு லேத்:
ஆர்-2800 வேண்டாங்க. ஒரு டன்னுக்கு மேல எடை. மெர்லின் 20 சுமார் 660 கிலோதான். பிரேக் பிடிச்சா மூக்கு மண்ணைக் குத்தும். ப்ரொப்பெல்லர் அதைவிடச் சிக்கல். ஹெல்கேட்டுக்கு 3.99 மீட்டர், ஹரிக்கேனுக்கு 3.43. ஆரத்தில 28 செ.மீ. கூடுது, வால் எழும்பி ஓடும்போது முனை தரையில அடிக்கும். கோர்செயர் சண்டை விமானத்துக்கு இறக்கையை வளைச்சதே பெரிய ப்ரொப்பெல்லருக்காகத்தான்.

டகோட்டா சரக்கு விமானத்தோட ஆர்-1830-92 ரேடியல் இன்ஜினை எடுங்க. 665 கிலோ, விட்டம் 1.22 மீட்டர், அதாவது மாடலில் 17 மி.மீ. ப்ரொப்பெல்லர் 47.6 மி.மீ. தாண்டாம வெட்டிக்கங்க. மெர்லின் மாதிரியே இதுவும் விமானி பார்வையில வலஞ்சுழி, அதனால வால் துடுப்பைத் தொட வேண்டியதில்லை. கிரிஃபன் இன்ஜின் போட்டிருந்தா எதிர்ச்சுழி, டேக்-ஆஃப்ல மறுபக்கம் இழுக்கும்.

பல்லடம் சிவா:
எடை ஒண்ணுன்னு மெர்லின் மூக்கு நீளத்தை அப்படியே விட்றாதீங்க. மெர்லின் இதைவிட நீளம், இது ஒன்றரை மீட்டர் சுமார். ப்ரொப்பெல்லரைப் பழைய இடத்துலயே வெச்சா கனமெல்லாம் முன்னாடி போயிரும். வயித்துக்கடியில இருக்கிற ரேடியேட்டரையும் எடுக்கறோம். அது ஈர்ப்பு மையத்துக்குப் பின்னாடி இருந்த எடை. ரெண்டும் ஒரே பக்கம் இழுக்கும். மாடலில் மூக்கை 6 மி.மீ. குறைங்க. ஆயில் கூலர் அந்த ரேடியேட்டருக்குள்ளதான் இருந்தது, அதுக்குத் தாடைக்கடியில ஒரு சின்ன வாய் திறக்கணும். ஆயில் டேங்க் இடது இறக்கை உடம்போட சேர்ற இடத்துல, முன்விளிம்புல இருக்கு, அது அப்படியே இருக்கட்டும்.

சூலூரான்:
அருமைங்க. உருண்டை இன்ஜினுக்குப் பின்னாடி உடம்பு ஒடுங்குதே, அந்தப் படியை எப்படி மறைக்கறது?

பீளமேடு லேத்:
1945-ல் ஜப்பான்காரங்க கி-61 சண்டை விமானத்துக்கு ரேடியல் இன்ஜின் போட்டு கி-100 ஆக்கினப்ப இதேதான்: உடம்பு 84 செ.மீ., இன்ஜின் 122. புகைக்குழாய்களை அந்தப் படியிலேயே வரிசையா வெச்சு, புகையைப் பின்னாடி பீய்ச்சிக் காற்றுச் சுழலைக் கலைச்சாங்க. நீங்க ஊசிக்குழாயை 2 மி.மீ. துண்டா வெட்டி ஒட்டுங்க. பட்டி வெச்சு மொத்தமா மெழுகினா பீப்பாய் மாதிரி ஆயிரும்.

பல்லடம் சிவா:
இன்னொண்ணு. ஆர்-1830-92-ல் சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தர்றது) ஒரே வேகம்தான், 2,300 மீட்டருக்கு மேல பலம் இறங்கிரும். அதனால உயரச் சண்டைக்கு ஆகாது, பர்மா தரைத்தாக்குதல் விமானம்னு வெச்சுக்கங்க. நாலு 20 மி.மீ. பீரங்கி, இறக்கைக்கடியில ரெண்டு குண்டு. விமானத்து மேல அடிக்கற பிரிட்டிஷ் வட்டக்குறியில சிவப்பு வேண்டாம். ஜப்பான் சின்னத்தோட குழம்பாம இருக்க அந்தக் களத்துல அதை எடுத்துட்டு நீலமும் வெள்ளையும்தான் அடிச்சாங்க.