தேக்கு மேஜைக்கு எந்தப் பூச்சு? பி.யு. (பாலியூரித்தேன் வார்னிஷ்) காயாமல் ஒட்டுகிறது

வணக்கம். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு எந்த மேல்பூச்சு கொடுப்பது என்று முடிவு செய்ய முடியவில்லை. முழுத் தேக்கு, வெனியர் (மேலே ஒட்டும் மெல்லிய மரத்தகடு) இல்லை. பழைய பாலிஷை எடுத்துவிட்டு 120, 180, 220 என்று உப்புத்தாள் போட்டாயிற்று. சூடான பாத்திரமும் ஈரமும் தினமும் படும் மேஜை இது.

மேஜையின் அடிப்பக்கத்தில் தனித்தனியாகப் பூசிப் பார்த்தேன். ஷெல்லாக் (அரக்கு) பாலிஷில் மர ரேகை அவ்வளவு அழகு, ஆனால் சூடான டம்ளர் வைத்ததும் வெள்ளை வளையம் விழுந்துவிட்டது. ஆளி விதை எண்ணெய் கைக்கு இதமாக இருக்கிறது, தண்ணீர் நின்ற இடம் மட்டும் கறுக்கிறது. தண்ணீர் கலந்த பி.யு. சீக்கிரம் காய்ந்தது, ஆனால் தேக்கின் நிறமே வெளிறிப்போனது போல் இருக்கிறது.

நான் விரும்புவது எண்ணெய் வகை பி.யு. அந்தத் தேன் நிறம் வேறெதிலும் வரவில்லை. சிக்கலும் அதில்தான். டப்பாவில் சொன்ன நேரம் தாண்டியும் கறுப்பு ரேகை ஓடும் இடங்களில் மட்டும் பிசுபிசுப்பு. விரல் வைத்தால் கைரேகை பதிகிறது. மற்ற இடமெல்லாம் கல் மாதிரி இறுகிவிட்டது. தேக்கின் இயற்கை எண்ணெய்தான் காரணம் என்று நினைத்து, தின்னரால் துடைத்து மறுபடி அடித்தேன். அப்போதும் அதே கதைதான். மழைக்காலம், அறையில் ஈரப்பதமும் உண்டு.

மெழுகு நீக்கிய ஷெல்லாக்கை ஒரு கோட் அடிப்பூச்சாகக் கொடுத்து, அதன் மேல் எண்ணெய் வகை பி.யு. அடித்தால், மேலே சூடு பட்டாலும் தாங்குமா? தேக்கில் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.