சைக்கிள் பந்தயம் பார்க்கத் தொடங்குபவருக்கு முதலில் எதைக் காட்டுவது: மூன்று வாரமா, ஒரே நாளா?

நடுச்சக்கரம்:
என் அக்கா மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். போன ஜூலையில் ஒரு நாள் என்னோடு உட்கார்ந்து மூன்று வாரம் நடக்கும் டூர் டி பிரான்ஸ் பார்த்தாள். சூரியகாந்தி வயல், பழைய கோட்டை, ஆற்றுப் பாலம் என்று ஹெலிகாப்டரிலிருந்து காட்டியதெல்லாம் அவளுக்குப் பிடித்திருந்தது. ஒரு மணி நேரம் போனதும், "மாமா, எல்லாரும் சேர்ந்தேதானே போகிறார்கள், போட்டி எப்போது ஆரம்பிக்கும்?" என்றாள். நான் விளக்கி முடிப்பதற்குள் தூங்கிவிட்டாள். விளையாட்டில் ஆர்வம் இல்லாத பெண் இல்லை, பள்ளிக் கபடி அணியில் ஆடுகிறாள். இப்போது லீவு. பழைய பந்தயம் ஒன்றை முதலில் இருந்து போட்டுக் காட்டலாம் என்று இருக்கிறேன். எதைக் காட்டுவது?

கருங்கல்:
யோசிக்கவே வேண்டாம், 2016 பாரிஸ்–ரூபே. மூன்று வாரப் பந்தயத்தைப் புதியவருக்குக் காட்டுவது, பாட்டே கேட்காதவரை முழு இரவுக் கச்சேரியில் உட்கார வைப்பது போல. ரூபே ஒரே நாளில் முடிந்துவிடும். சுமார் 260 கிலோமீட்டர், அதில் 50-க்கு மேல் கருங்கல் பாவிய பழைய பாதை. வழுவழுப்பான கல் என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு கல்லும் ஒரு பக்கம் தூக்கி நிற்கும், நடுவில் புல் முளைத்திருக்கும். அதன்மேல் மணிக்கு நாற்பதுக்கு மேல் போகிறார்கள். பரிசாகக் கொடுப்பதும் அந்தக் கல்லில் ஒன்றைத்தான்.

2016-ல் டாம் போனனுக்கு ஐந்தாவது வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதுவரை யாரும் ஐந்து முறை வென்றதில்லை. அவரைத் தோற்கடித்தவர் மேத்யூ ஹேமன் என்ற 37 வயது ஆஸ்திரேலியர். வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்காக உழைத்த உதவி வீரர். பந்தயத்துக்கு ஆறு வாரம் முன்பு கீழே விழுந்து கை முறிந்திருந்தது. வீட்டுக்குள்ளேயே டிரெய்னரில் சைக்கிளை மாட்டி மிதித்துத்தான் தயாரானார். காலையில் முன்னால் தப்பிப்போன கூட்டத்தில் இருந்தவர், மாலையில் ரூபே மைதானத்தில் போனனை முந்தி முதலில் வந்தார். கோட்டைத் தாண்டிய பிறகு அவர் முகத்தைப் பாருங்கள். ஜெயித்தது தானா என்று அவருக்கே நம்பிக்கை வரவில்லை.

மஞ்சள்துணி:
கருங்கல் சொன்ன பந்தயம் அருமையானது, அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவர் நம்மை உருக வைப்பது எதைச் சொல்லி? ஹேமனின் கை முறிந்ததை, அவர் உதவி வீரராக இருந்ததை, போனன் நான்கு முறை வென்றிருந்ததை. இதெல்லாம் அந்த ஒரு நாளில் திரையில் தெரியாது, முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஆளைத் தெரியாமல் பார்த்தால் சேறு பூசிய முகங்கள் கல்லில் குலுங்கிக்கொண்டு போவது மட்டும்தான் தெரியும்.

ஆளைப் பழக வைப்பது மூன்று வாரப் பந்தயம். 2020 டூரை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்த நேரத்தில் முதலிடத்தில் இருப்பவர் போடுவது மஞ்சள் ஜெர்சி. ஒன்பதாம் நாளில் அதைப் போட்ட ரோக்லிச் தினமும் அதே முகத்தோடு, அதே நிதானத்தோடு அதைக் காப்பாற்றிக்கொண்டு வருகிறார். அவருடைய அணி ஒவ்வொரு மலையிலும் முன்னால் நின்று மற்றவர்களின் மூச்சை வாங்குகிறது. கடைசிக்கு முந்தைய நாள் தனித்தனியாக ஓட்டும் டைம் டிரையல், 36 கிலோமீட்டர், முடிவில் லா பிளான்ஷ் மலை. கையில் 57 வினாடி முன்னிலை. எதிரில் போகாச்சர், 22 வயது நிரம்ப இன்னும் இரண்டு நாள் இருந்த பையன். மலையில் ரோக்லிச்சின் தலைக்கவசம் பின்னால் நழுவிக் கோணலாக நிற்கிறது, முகம் வெளுக்கிறது. ஒரே மதியத்தில் போகாச்சரிடம் கிட்டத்தட்ட இரண்டு நிமிடத்தை இழந்தார், டூரும் கைவிட்டுப் போனது. முன்பே ஓட்டி முடித்துவிட்ட அணித் தோழர்கள் டூமுலினும் வான் ஆர்ட்டும் பேச்சற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அந்த ஒரு மணி நேரம் அப்படி அடித்ததற்குக் காரணம் அதற்கு முந்தைய பத்து நாள்.

கருங்கல்:
சரி, அதே ரோக்லிச்சை நானும் எடுத்துக்கொள்கிறேன். அந்த டூர் முடிந்து சரியாக இரண்டே வாரம், அக்டோபர் 4. லீஜ்–பாஸ்டோன்–லீஜ், 1892-ல் தொடங்கிய பழம்பெரும் ஒருநாள் பந்தயம். கடைசி நூறு மீட்டரில் உலக சாம்பியன் அலாஃபிலிப் முன்னால். வென்றுவிட்டோம் என்று கோட்டுக்கு முன்பே இரண்டு கையையும் தூக்கிவிட்டார். அந்த நொடியில் பக்கத்தில் வந்த ரோக்லிச் சைக்கிளை முன்னால் தள்ளி, சக்கரத்தின் நுனியளவில் பறித்துக்கொண்டார். அலாஃபிலிப் அதற்கு முன் ஓட்டத்தில் குறுக்கே வந்ததற்காக ஐந்தாம் இடத்துக்கு இறக்கப்பட்டது வேறு கதை. டூரைப் பறித்த போகாச்சருக்கு அன்று மூன்றாம் இடம்.

மூன்று வாரம் கொடுக்காததை அந்த மனிதருக்கு ஒரு நாள் கொடுத்தது. ஒருநாள் பந்தயத்தில் நாளைக்கு என்று எதையும் மிச்சம் வைக்க முடியாது. டூரில் பாதி நாள் கணக்குப் பார்த்தே போகிறது. அந்தப் பெண் தூங்கியதில் தவறே இல்லை.

மஞ்சள்துணி:
நீங்கள் சொல்லும் லீஜ் முடிவு என்னையும் கலங்க வைத்தது. ஏன்? அந்த டைம் டிரையலை நான் பார்த்திருந்தேன். என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறீர்கள்.

பழையரசிகன்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து பார்த்தவன். 1999 முதல் 2005 வரை ஏழு வருடமும் டூரை வென்ற லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்குக்காக இரவு விழித்தேன். ஊக்கமருந்து எடுத்ததற்காக 2012-ல் ஏழு பட்டத்தையும் பறித்தார்கள். அந்த வருடங்களின் வெற்றியாளர் இடம் இன்றும் காலியாகத்தான் கிடக்கிறது, வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. ஒரு பெண்ணை இந்த விளையாட்டுக்குள் கூட்டி வருகிறோம் என்றால் இதையும் சொல்லித்தான் கூட்டி வர வேண்டும். பின்னால் தானே தெரிந்துகொண்டால் நம்மேல் இருக்கும் நம்பிக்கையும் போய்விடும்.

நடுச்சக்கரம்:
அண்ணா, கண்டிப்பாகச் சொல்வேன். அவளும் கேட்கிற பெண்தான்.

மேட்டுப்பாதை:
இவ்வளவு நேரமாக ஆண்கள் பந்தயத்தை மட்டும் வைத்து அடித்துக்கொள்கிறீர்களே, பார்க்கப்போவது ஒரு கபடிக்காரப் பெண். மூன்று வாரமா ஒரு நாளா என்ற சண்டைக்கு நடுவில் ஏழு நாள் என்று ஒன்று இருக்கிறது. 2024 பெண்கள் டூர்.

ஐந்தாம் கட்டம் (ஸ்டேஜ்) வரை மஞ்சள் ஜெர்சி டெமி வோலரிங்கிடம். முடிய ஆறேழு கிலோமீட்டர் இருக்கும்போது கூட்டமாக விழுகிறார்கள், அவரும் விழுகிறார். அவருடைய அணியிலேயே ஒருவர் முன்னால் போய் அன்றைய ஸ்டேஜை வென்றுவிட்டார், இவரோ இடுப்பைப் பிடித்துக்கொண்டு தனியாக வந்து சேர்கிறார். ஜெர்சி போலந்தின் காஷியா நெவியாடோமாவுக்குப் போகிறது. கடைசி நாள் ஆல்ப் துவேஸ் மலை. 1 நிமிடம் 15 வினாடி பின்னால் இருந்த வோலரிங், அதற்கு முந்தைய கிளாந்தோன் மலையிலேயே பாய்ந்துவிட்டார். ஸ்டேஜை அவர்தான் வென்றார். வென்றவர் கோட்டருகே காத்திருக்க, கீழே ஒவ்வொரு வளைவாக நெவியாடோமா தன்னைத் தானே இழுத்துக்கொண்டு வருகிறார். 1 நிமிடம் 1 வினாடி கழித்து வந்தார். முதலிடத்துக்குக் கிடைக்கும் 10 வினாடி சலுகையையும் கழித்தால் மிச்சம் நான்கு வினாடி. ஏழு நாள் ஓட்டிய பந்தயம் நான்கு வினாடியில் முடிந்தது. ஆண்கள் டூரின் மிகச் சிறிய இடைவெளி 1989-ல் லெமாண்ட் ஃபிஞோனை வென்ற 8 வினாடி. அதிலும் பாதிதான் இது.

மஞ்சள்துணி:
இதை நான் எப்படி மறந்தேன். முழு மனதோடு வழிமொழிகிறேன். பல நாள் பந்தயம்தான் இதுவும் என்பதைக் கருங்கல் கவனிக்க வேண்டும்.

கருங்கல்:
கவனித்தேன். அவளைத் திரையோடு கட்டிப்போடுவது கடைசி நாள் ஒன்றுதான் என்பதையும் கவனித்தேன். பெண்கள் பந்தயம் என்றால் என்னிடமும் ஒன்று இருக்கிறது. 2021 அக்டோபர், பெண்களுக்கு நடத்திய முதல் ரூபே. லிஸ்ஸி டைக்னன் எண்பது கிலோமீட்டருக்கு மேல் தன்னந்தனியாக ஓட்டி வென்றார். கையுறை போடவில்லை. முடிவில் ஹேண்டில்பாரின் வெள்ளைப் பட்டியில் ரத்தம்.

நடுச்சக்கரம்:
எல்லாருக்கும் நன்றி. முழுப் பந்தயம் வேண்டாம் என்று 2016 ரூபேயின் கடைசி ஒன்றரை மணி நேரத்தை நேற்று இரவு போட்டேன். முதலில் ஹேமனின் கை முறிந்த கதையையும் போனனின் நான்கு வெற்றியையும் சொன்னேன் (மஞ்சள்துணி சொன்னது நியாயம்). கான்செலாரா சறுக்கி விழுந்ததும், பின்னால் வந்த சாகன் கீழே கிடந்த சைக்கிளைத் தன் சைக்கிளோடு தாண்டிக் குதித்ததும் வந்தபோது எழுந்து நின்றுவிட்டாள். நான்கு முறை திருப்பிப் போடச் சொன்னாள்.

கடைசியில் ஐந்து பேர் மிஞ்சும்போது ஒரு கேள்வி கேட்டாள். "ஒருவர் பாய்கிறார், உடனே வேகத்தைக் குறைத்துத் திரும்பிப் பார்க்கிறார். ஜெயிக்க வேண்டுமென்றால் போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதானே மாமா?" காற்று என்றேன். அவள் முகத்தைப் பார்த்தால் ஏற்றுக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

மஞ்சள்துணி:
அதைச் சொல்லிப் புரிய வைக்க முடியாது தம்பி. அவளிடம் சைக்கிள் இருக்கிறதா? எதிர்க்காற்று அடிக்கும் நேரமாகப் பார்த்து, வண்டி வராத நேரான சாலையாகப் பார்த்துக் கூட்டிப் போங்கள். உங்கள் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் பின்னால் அவள் வரட்டும். ஐந்து நிமிடம் கழித்து, அதே வேகத்தில் அவளை முன்னால் போகச் சொல்லுங்கள். முன்னால் போகிறவர் காற்றைப் பிளக்கிறார், பின்னால் வருகிறவர் அந்தப் பிளவுக்குள் ஒளிந்துகொண்டு பலத்தைச் சேமிக்கிறார். டூரில் அவள் பார்த்த "சேர்ந்தே போவது" முழுக்க இதுதான். பாய்ந்தவர் திரும்பிப் பார்ப்பதும் இதற்குத்தான், யார் தன் பின்னால் ஒளிந்திருக்கிறார்கள் என்று.

கருங்கல்:
இதில் நாங்கள் இருவரும் ஒரே கட்சி.

நடுச்சக்கரம்:
போய் வந்தோம். பள்ளியில் கொடுத்த சைக்கிள்தான், கியர் கிடையாது. காலை ஆறு மணி, உப்பளத்துப் பக்கம், கடல் காற்று நேராக முகத்தில். பின்னால் வந்தபோது பேசிக்கொண்டே வந்தாள். முன்னால் விட்டதும் பேச்சு நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் அவளும் திரும்பிப் பார்த்தாள், நான் எங்கே இருக்கிறேன் என்று.

வீட்டுக்கு வந்ததும், அந்த ரோக்லிச் பந்தயம் இரண்டையும் இன்று இரவு போட வேண்டும் என்கிறாள். லீஜ் சின்னதாக இருக்கும், அதை முதலில் போடட்டுமா?

மஞ்சள்துணி:
வேண்டாம். முதலில் டைம் டிரையல்.

கருங்கல்:
ஆமாம், டைம் டிரையலை முதலில் போடுங்கள். லீஜுக்கு முன்னால் ஒரு நாள் இடைவெளி விடுங்கள்.