பயோகேஸ் டிரம் ஏறுது, அடுப்பு பத்தலை. அவசரம்

கெடிலக்கரை மெஸ்
மெஸ்ஸுக்கு பயோகேஸ் போட்டேன், கழிவு போடும் தொட்டியும் அதன் மேல் கேஸைப் பிடிக்கும் மிதக்கும் டிரம்மும். டிரம் நன்றாக மேலே வருகிறது, கேஸ் நிறைய இருக்கிறது. அடுப்பைத் திறந்து தீக்குச்சி வைத்தால் குச்சியே அணைந்துவிடுகிறது. போட்டுக் கொடுத்தவர் போனை எடுக்கவில்லை. என்ன பண்ணலாம்? மதியச் சமையல் நிற்கிறது, சீக்கிரம் சொல்லுங்கள்.

லாஸ்பேட்டை ஃபிட்டர்
எந்த அடுப்பு சார்? சிலிண்டர் அடுப்பையே மாட்டிவிட்டீர்களா? முக்கால்வாசி இடத்தில் இதுதான் கோளாறு. சிலிண்டர் கேஸ் அழுத்தமாக வரும், அதனால் ஜெட் (அடுப்பில் கேஸ் பீச்சும் முனை) ஓட்டை ஊசிமுனை அளவுதான் வைத்திருப்பான். டிரம் கேஸுக்கு அந்த அழுத்தம் கிடையாது. ஜெட்டைப் பெரிதாக்கி, காற்று போகும் துவாரத்தை முக்கால்வாசி மூடிப் பாருங்கள்.

வில்லியனூர் மாட்டுக்காரன்
டியூப் எங்கேயாவது தொங்குகிறதா பாருங்க அண்ணே. கேஸோடு ஈரமும் வரும். பள்ளமான இடத்தில் தண்ணீர் தேங்கினால் அடைத்துக்கொள்ளும். என் வீட்டில் அந்தப் பள்ளத்தில் T மாதிரி ஒரு குழாய் இணைப்பு போட்டு, அடியில் சின்ன வால்வு வைத்திருக்கிறேன். வாரம் ஒரு முறை திறந்தால் அரை டம்ளர் தண்ணீர் வரும்.

பாகூர் ஏரிக்கரை
மழை சீசன். குளிருக்குக் கிருமி வேலை செய்யாது. தை பிறக்கட்டும், தானாகச் சரியாகிவிடும்.

ஓ.டி. சீனியர்
இதே கேள்வி இங்கே மாதம் ஒருமுறை வருகிறது. தேடிப் பார்க்கிற பழக்கம் யாருக்கும் இல்லை. தொட்டி எவ்வளவு, சாணம் எப்போது ஊற்றினீர்கள், தினமும் என்ன போடுகிறீர்கள், ஒன்றும் சொல்லாமல் 'அவசரம்' என்றால் நாங்கள் சோழி உருட்டியா பார்ப்பது?
ஏரிக்கரைக்கு: இருபது டிகிரிக்குக் கீழே போனால்தான் மீத்தேன் (பயோகேஸில் எரிகிற வாயு) விடும் கிருமி நன்றாக மந்தமாகும். நம் கடற்கரையில் அது அபூர்வம். தை வரை மெஸ்காரர் என்ன விறகிலா சமைப்பார்?

கெடிலக்கரை மெஸ்
2 கன மீட்டர் என்று சொல்லித்தான் கொடுத்தார். கழிவு எல்லாம் சாப்பாடுதான் சார், வேறு எதுவும் போடவில்லை.

ஓ.டி. சீனியர்
2 கன மீட்டர் என்பது தொட்டியா, ஒரு நாளைக்கு வரும் கேஸா? விற்கிறவர்கள் இதைக் குழப்பியேதான் விற்பார்கள். 'எல்லாம் சாப்பாடு' என்றால் எத்தனை கிலோ? கேஸ் வாடை எப்படி? அழுகிய முட்டை மாதிரியா, புளித்த மாவு மாதிரியா?

கெடிலக்கரை மெஸ்
தொட்டிதான், சின்டெக்ஸ் மாதிரி 2000 லிட்டர். மீந்த சாதம், வடிகஞ்சி, இலையில் வழித்தது. ஒரு நாளைக்கு 30 கிலோ வரும். சாணம் கரைத்து ஊற்றிய மறுவாரமே சாப்பாடு போட ஆரம்பித்தாச்சு. வாடை புளித்த மாவுதான், பக்கத்துக் கடைக்காரர் சண்டைக்கு வருகிறார். வெளியே வரும் தண்ணீரும் புளிச்ச மோர் மாதிரி வெளுத்துப்போய் வருகிறது.

ஓ.டி. சீனியர்
இதை முதலிலேயே எழுதியிருந்தால் இந்த உரையாடல் இழையில் பாதி மிச்சம். தொட்டிக்குள் இரண்டு கூட்டம் வேலை செய்கிறது. முதல் கூட்டம் சோற்றைத் தின்று அமிலமாக்கும். இரண்டாவது கூட்டம் அந்த அமிலத்தைத் தின்று மீத்தேன் விடும். முதல் கூட்டம் வேகமாகப் பெருகும், இரண்டாவது மெதுவாகத்தான் பெருகும். நீங்கள் 30 கிலோ சோறும் கஞ்சியும் கொட்டினால் அதில் உலர் எடையே ஆறேழு கிலோ. பழகிய தொட்டிக்கே நாளுக்குக் கன மீட்டருக்கு ஒன்று, ஒன்றரை கிலோ உலர் எடைதான் பத்திரம். உங்கள் தொட்டியோ பச்சைக் குழந்தை. அமிலம் தேங்கி இரண்டாவது கூட்டம் படுத்துவிட்டது. டிரம்மைத் தூக்குவது பெரும்பாலும் கரியமில வாயு. அது எப்படி எரியும்? தீயை அணைக்கத்தான் செய்யும்.

லாஸ்பேட்டை ஃபிட்டர்
அதெல்லாம் இருக்கட்டும், அடுப்பு எது என்று இன்னும் அவர் சொல்லவில்லை.

வில்லியனூர் மாட்டுக்காரன்
அப்போ சாணம்தான் மருந்து. ஆனால் நாட்டு மாட்டுச் சாணமாக வாங்குங்க. ஜெர்சி சாணத்தில் உயிரே இருக்காது.

ரெட்டியார்பாளையம்
ஆரம்பிச்சாச்சா! எந்த மாடாக இருந்தாலும் முதல் வயிற்றில் அதே மீத்தேன் கிருமிதான். ஜெர்சி என்ன ஆக்சிஜனையா ஏப்பம் விடுகிறது? பார்க்க வேண்டியது ஒன்றுதான். மாட்டுக்கு அண்மையில் ஆன்டிபயாடிக் ஊசி போட்டிருந்தால் அந்தச் சாணம் வேண்டாம், புதுசாகவும் இருக்கணும்.

வில்லியனூர் மாட்டுக்காரன்
நான் இருபது வருஷமா மாடு வளர்க்கிறேன். புத்தகம் படித்துப் பேச வேண்டாம். சாண எரிவாயு நம் முன்னோர் கண்டுபிடித்தது, ஜெர்சி வருவதற்கு முன்னாடியே.

ரெட்டியார்பாளையம்
முன்னோர் வறட்டி தட்டினார்கள், அது வேறு. 1897இல் பம்பாய் மாதுங்கா தொழுநோய் இல்லத்தில் கழிவறைக் கழிவிலிருந்து கேஸ் எடுத்தார்கள். நாம் பார்க்கிற மிதக்கும் டிரம் மாடல் ஜஷ்பாய் படேல் 1950களில் செய்தது. கதர் கமிஷன்தான் அதைப் பரப்பியது. இதில் நாட்டு மாடு எங்கே வந்தது?

பாகூர் ஏரிக்கரை
மாட்டுச் சண்டையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மெஸ்காரர் பாவம். சுண்ணாம்பு கரைத்து ஊற்றினால் புளிப்பு முறியும் இல்லையா?

ஓ.டி. சீனியர்
முறியும், ஆனால் அளவு தவறினால் காரம் ஏறி மிச்சக் கிருமியும் போகும். சுண்ணாம்பு கரியமில வாயுவை இழுத்து அடியில் கல்லாகவும் படியும். ஆப்பசோடா நல்லது, மெஸ்ஸில் இல்லாமலா இருக்கும்? கொஞ்சமாகத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, மறுநாள் பார்த்து, தேவைப்பட்டால் மறுபடி. மீன் தொட்டிக் கடையில் பி.எச். பேப்பர் (புளிப்பை எண்ணாகக் காட்டும் காகிதம்) கிடைக்கும். ஏழுக்குப் பக்கம் வந்தால் சரி, ஆறரைக்குக் கீழே என்றால் சாப்பாடு போடவே கூடாது.
முதல் வேலை சோற்றை நிறுத்துவது. புதுச் சாணத்தைச் சம அளவு தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். டிரம்மில் இருக்கிற கேஸை வெளியே, ஆள் நடமாட்டம் இல்லாத பக்கம் விட்டுவிடுங்கள். டிரம் வாயில் யாரும் தீக்குச்சி பிடித்துப் பார்க்க வேண்டாம். மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்தால் வெடிக்கும். அடுப்பில் மட்டும் சோதியுங்கள்.
சரியானதும் ஐந்து கிலோவில் தொடங்கி வாரா வாரம் ஏற்றுங்கள். வடிகஞ்சி, எலுமிச்சைத் தோல், வெங்காயச் சருகு, எலும்பு வேண்டாம். பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர், ஃபினாயில் ஒரு சொட்டுகூடப் போகக்கூடாது.

கெடிலக்கரை மெஸ்
அப்போ மீதிச் சோற்றை என்ன செய்வது? 'சிலிண்டரே வேண்டாம்' என்று சொல்லித்தானே போட்டுக் கொடுத்தார்?

ஓ.டி. சீனியர்
அப்படித்தான் சொல்வார்கள். இந்தத் தொட்டி நன்றாக ஓடினாலும் நாளுக்கு ஒன்றரை, இரண்டு கன மீட்டர் கேஸ் வரும். ஒரு கன மீட்டர் என்பது ஏறத்தாழ 450 கிராம் எல்.பி.ஜி.க்குச் சமம். 19 கிலோ சிலிண்டரில் மாதத்துக்கு ஒன்று, அதற்குக் கொஞ்சம் மேலே மிச்சமாகும். மெஸ் முழுக்க அதில் ஓடாது தம்பி. சாம்பார் கொதிக்கும், டீ ஓடும்.

ரெட்டியார்பாளையம்
மீதிச் சோற்றை மாட்டுக்காரரிடம் கொடுங்கள். நாட்டு மாடு வைத்திருப்பவராகப் பார்த்து 😄

வில்லியனூர் மாட்டுக்காரன்
நிறையச் சோறு போட்டால் மாட்டுக்கே வயிறு புளித்து உப்பும், தெரியுமா? உங்களுக்கு எங்கே தெரியப் போகிறது.

லாஸ்பேட்டை ஃபிட்டர்
மெஸ் சார், ஆளையே காணோம். என்ன ஆச்சு?

கெடிலக்கரை மெஸ்
பேப்பர் ஐந்தரை காட்டியது. சோறு நிறுத்தி, சாணமும் ஆப்பசோடாவும் ஊற்றினேன். இப்போது ஏழுக்குப் பக்கம். காலை டீக்கு நீலமாக எரிகிறது. அடுப்பு சிலிண்டர் அடுப்புதான், ஜெட் மாற்றியாச்சு. எல்லோருக்கும் நன்றி, பந்தியில் ஆள் உட்கார்ந்தாச்சு.

லாஸ்பேட்டை ஃபிட்டர்
ஜெட்! நான் முதல் பதிலிலேயே சொன்னேன்.

பண்ருட்டி பலா
சார், நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். பலாச்சக்கையும் தோலும் சீசனில் மலையாகச் சேர்கிறது. இதில் போடலாமா? அவசரம்.

ஓ.டி. சீனியர்
தோலும் நாரும் லேசில் கரையாது, பொடியாக வெட்டினால்தான் உண்டு. சுளை இனிப்பு, வடிகஞ்சியைவிட வேகமாகப் புளிக்கும். மற்றதற்குத் தனி இழை போடுங்கள். தொட்டி எத்தனை லிட்டர், தினம் எத்தனை கிலோ, எத்தனை நாள் சாணம் பழகியது, இதையெல்லாம் முதல் வரியில் எழுதுங்கள்.

பண்ருட்டி பலா
தொட்டி இன்னும் வாங்கவில்லை சார்.