பழைய தமிழ் வீடு: திண்ணையை அடைக்காமல் மறைவு கிடைக்குமா?

முத்தியால்பேட்டை: புதுச்சேரியில் முற்றம் வைத்த ஓட்டு வீடு, பழுது பார்க்கிறோம். வாசலைத் திறந்தால் நடை (வாசலிலிருந்து உள்ளே போகும் வழி), முற்றம், கொல்லைக் கதவு வரை தெருவுக்குத் தெரிகிறது. பக்கத்து மாடியிலிருந்து முற்றமும் தெரிகிறது. திண்ணைக்குக் கிரில், முற்றத்துக்கு ஷீட் என்கிறார் மேஸ்திரி. அந்தக் காலத்தில் எப்படிச் சமாளித்தார்கள்?

ஓட்டுக்கூரை: ஷீட் வேண்டவே வேண்டாம். சூடு மேலே தங்கிவிடும். பகலிலேயே உள்ளே இருட்டாகும், லைட் போடுவீர்கள். லைட் போட்டால் நடை வழியே இன்னும் தெளிவாகத் தெரியும்.

அந்தக் காலத்திலும் வாசலிலிருந்து கொல்லை வரை பார்வை போகும், ஆனால் ஆள் புழங்கும் இடத்தில் விழாது: கூடமும் அறைகளும் முற்றத்தின் பக்கவாட்டில், சமையல் பின்மூலையில். அந்த நேர்கோட்டில் கட்டில், சாப்பாட்டு மேசை போடாதீர்கள். அதுவே பாதி மறைவு. மீதிக்கு, நடை முடியும் இடத்திலிருந்து 3 அடி தள்ளி 6 அடி உயர மரத்தட்டி வையுங்கள். அகலம் நடையைவிட இரு பக்கமும் அரை அடி கூடுதலாக இருக்கட்டும். அடியில் 6 அங்குலம் விட்டால் காற்று போகும், கழுவிவிடலாம். கழற்றும்படி செய்யுங்கள், இல்லாவிட்டால் பீரோ உள்ளே போகாது.

மஞ்சக்குப்பம்: மாடிப் பார்வைக்கு முற்றத்தின் மேல் மரச்சட்டம் போதும். 4 அங்குல அகலச் சட்டத்தைச் செங்குத்தாக நிறுத்தி 4 அங்குல இடைவெளி விட்டால் 45 டிகிரிக்குக் குறைந்த சாய்வில் வரும் பார்வை நிற்கும். மாடி ஒட்டியே இருந்தால் பார்வை இன்னும் செங்குத்தாக இறங்கும். அதற்கு அதே இடைவெளியில் 6 அங்குலச் சட்டம் போட்டால் சுமார் 56 டிகிரி வரை மறைக்கும். சட்டங்கள் அந்த மாடிச் சுவருக்கு இணையாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் வீண். ரீப்பரில் (ஓட்டைத் தாங்கும் மெல்லிய சட்டத்தில்) மாட்டினால் ஓடு விலகி ஒழுகும், உத்திரத்தில் மாட்டுங்கள்.

வாய்க்கால்கரை: கிரிலைப் பற்றி ஒரு வார்த்தை. புதுச்சேரி நகரை இரண்டாகப் பிரிக்கும் வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சு வீடுகளில் தெருவை ஒட்டிய உயரமான மதிலும் கேட்டும்தான் மறைவு. மேற்கே தமிழ் வீடுகளில் திண்ணை, நடை, கூடம் என்ற படிப்படியான ஆழம். யார் எதுவரை வரலாம் என்பதை அந்தப் படிகளே சொல்லின. சாதி பார்த்துத் திண்ணையோடு நிறுத்தியதும், பெண்களை உள்ளே வைத்ததும் அதே படிகள்தான், அதை மறைக்க வேண்டாம். திண்ணை தெருவுக்கும் வீட்டுக்கும் நடுவே இருப்பது. கிரில் போட்டால் அது போய்விடும், பார்வையும் மறையாது.

பிரெஞ்சு, தமிழ் இரண்டும் கலந்த மாடி வீடுகளில் கீழே திண்ணை, மேலே லூவர் கதவு (சாய்ந்த பலகைகளை அடுக்கிய கதவு) இருக்கும். தெருச் சன்னலுக்கு அதையே போடுங்கள். பலகையின் வெளி விளிம்பு தாழ்ந்திருக்க வேண்டும். தச்சர் மாற்றி மாட்டினால் மழைநீர் உள்ளே வரும், தெருவில் நிற்பவருக்கு உங்கள் தரையும் தெரியும்.