எம்பெடட் போடலைன்னா கார்டு செத்துடுமாம்!

சுவர்க்கோழி:
"ஃபயர்வால் பெட்டிக்கு எம்பெடட்தான். ஃபுல் போட்டா ஆறே மாசத்துல கார்டு காலி"ன்னு பக்கத்துத் திரியில ஒருத்தர் அடிச்சு விட்டிருக்கார். எம்பெடட்னா கார்டுல எழுதுறதைக் குறைச்ச இமேஜ், ஃபுல்னா வழக்கமா எழுதுற முழு இன்ஸ்டால்; எழுத எழுத கார்டு தேயும்ங்கிறதுதான் பயம். நாலு பேர் தலையும் ஆட்டியிருக்காங்க. ஃபயர்வால் மென்பொருளான பிஎஃப்சென்ஸ்ல 2017லயே, 2.4 பதிப்பு வந்தப்போ, நானோபிஎஸ்டிங்கிற எம்பெடட் இமேஜைத் தூக்கிட்டாங்க. இல்லாததைப் போடச் சொல்லவும் ஒரு தைரியம் வேணும்.

கன்சோல்கந்தன்:
சொன்னது நான்தான். பேரைச் சொல்லியே திட்டலாமே, என்ன கூச்சம்? அதே மாதிரி மென்பொருள் ஓப்பிஎன்சென்ஸ் நானோ இமேஜ் தருதே, கண்ணுல படலையா? லாக், கேஷ் எல்லாம் ராம்ல. ஃபுல்லுல டிஃபால்ட் பிளாக் ரூல்ல அடிபடுற ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் கார்டுல ஒரு வரி. எத்தனை நாள் தாங்கும்?

சுவர்க்கோழி:
வாயால அளக்காதீங்க. டிஸ்க்ல எவ்வளவு எழுதுதுன்னு காட்டுற ஐஓஸ்டாட்டை 60 விநாடி இடைவெளியில ஓடவிட்டுப் பாருங்க. தாராளமா விநாடிக்கு 20 கிலோபைட் ரைட்னு வைப்போம். ஒரு நாளைக்கு 1.7 ஜிபி, வருஷத்துக்கு 630 ஜிபி சொச்சம். 16 ஜிபி எஸ்எஸ்டி, செல்லுக்கு 3000 அழிப்புன்னா மொத்தம் 48 டிபி. சின்னச் சின்ன ரைட்டால உள்ள பத்து மடங்கு பெருகினாலும் 7 வருஷம் தாண்டும். ஆறு மாசமாம்!

கன்சோல்கந்தன்:
நான் சொன்னது கார்டு. நீங்க கணக்குப் போட்டது எஸ்எஸ்டிக்கு. மலிவு எஸ்டி கார்டுலயும் பென்டிரைவுலயும், எழுதுறதை எல்லா செல்லுக்கும் பரப்புற வியர் லெவலிங் பேருக்குத்தான். 100 பைட் லாக் வரிக்கு ஒரு பிளாக்கே அழிஞ்சு திரும்ப எழுதப்படும். பத்து மடங்காம் பத்து!

சுவர்க்கோழி:
கார்டுன்னா ஃபுல்லைப் போட்டு, லாக் ஃபோல்டரை ராம்லயே வைக்கிற ராம் டிஸ்க்கை டிக் பண்ணுங்க. ஓப்பிஎன்சென்ஸ்ல சிஸ்டம், செட்டிங்ஸ், மிஸலேனியஸ், ரீபூட். டிஃபால்ட் பிளாக் லாக்கையும் அணைச்சுடுங்க. நாளைக்கு எஸ்எஸ்டி மாட்டினா டிக்கை எடுத்துட்டுப் போகலாம். இதுக்கு எதுக்கு தனி இமேஜ்?

பாக்கெட்பாண்டி:
ரெண்டு அண்ணனுமே ஒண்ணைச் சொல்லலை. லாக் இருக்கிற வார் (/var) ஃபோல்டர் ராம்ல இருந்தா கரண்ட் போனதும் லாக் போச்சு. எவன் எப்போ நோண்டினான்னு தேடினா வெறும் பக்கம். எந்த மெஷினுக்கு எந்த ஐபி குடுத்தோம்ங்கிற டிஹெச்சிபி லீஸும் போகும். சர்வர் ஒருத்தர்கிட்ட இருக்கிற ஐபியையே இன்னொரு மெஷினுக்கு எடுத்து நீட்டும். சில சர்வர் நீட்டுறதுக்கு முன்னாடி பிங் அடிச்சுப் பார்க்கும்தான், ஆனா அந்தப் பக்கம் விண்டோஸ் ஃபயர்வால் பிங்கை விழுங்கிட்டா மோதல்தான். ஊடுருவலைக் கண்டுபிடிக்கிற சுரிக்காட்டா போட்டா இன்னும் மோசம். பிஎஃப்சென்ஸ்ல ராம் டிஸ்க் டிஃபால்ட் அளவு டெம்ப் (/tmp) 40 எம்பி, வார் 60 எம்பி. ரூல்ஸைப் பிரிக்கும்போதே இடம் நிறைஞ்சு அப்டேட் நின்னுடும். சர்வீஸ் மட்டும் பச்சையா, பழைய ரூலோட ஓடிட்டிருக்கும்.

அப்புறம், எம்பெடட்னு நீங்க சொல்றது கார்டுல எழுதவே விடாத ரீட் ஒன்லி மவுன்ட்டா, வெறும் ராம் டிஸ்க்கா?

கன்சோல்கந்தன்:
லாக் வேணும்னா வேற மெஷினுக்கு அனுப்புற ரிமோட் சிஸ்லாக், யூடிபி 514. முக்கியமான மெஷினுக்கு மாறாத ஐபி தர்ற ஸ்டாடிக் மேப்பிங். 256 எம்பி ராம் இருக்கிற அலிக்ஸ்ங்கிற பழைய சின்ன போர்டுல சுரிக்காட்டா போடுறவனுக்கு எந்த இமேஜும் உதவாது. கார்டு விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லலை.

சுவர்க்கோழி:
அலிக்ஸாம்! அது 32 பிட், பிஎஃப்சென்ஸ் 2.4லயே 32 பிட்டும் போயாச்சு. இதே அலிக்ஸுக்குத்தானே போன தடவை சீரியல் கேபிள் கன்சோலோட வேகம் 115200னு சொல்லி ஒரு பையனைக் குப்பை எழுத்தோட அலையவிட்டீங்க?

கன்சோல்கந்தன்:
பிஎஃப்சென்ஸ் 2.2 இமேஜுக்கு 115200 சரிதான். போர்டோட பயாஸ் 38400ல இருந்தது, அதை அவர் மாத்தலை.

சுவர்க்கோழி:
மாத்தணும்னு சொன்னாத்தானே மாத்துவார்! மெமரி டெஸ்ட் ஓடும்போதே எஸ், பிறகு 1, க்யூ, ஒய். நாலு சாவி. அதைக்கூடச் சொல்லாதவர் கார்டு ஆயுசைச் சொல்ல வந்துட்டார்.

கன்சோல்கந்தன்:
நானோபிஎஸ்டியில ரெண்டு ஸ்லைஸ், அதாவது கார்டு ரெண்டு பகுதியா இருக்கும். அப்கிரேட் சொதப்பினா பழையதுல பூட் பண்ணிக்கலாம். உங்க ஃபுல்லுல அது எங்க?

சுவர்க்கோழி:
இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்துல பழைய நிலைக்கே பூட் பண்ண விடுற பூட் என்விரான்மென்ட். கேள்விப்பட்டதில்லையா?

கன்சோல்கந்தன்:
அஞ்சு விநாடிக்கு ஒருதரம் கார்டுல எழுதுற இசட்எஃப்எஸ்தானே? நல்லாவே கேள்விப்பட்டிருக்கேன்.

சுவர்க்கோழி:
எழுதுற இடைவெளியான டிஎக்ஸ்ஜி டைம்அவுட்டை 30 ஆக்கத் தெரியாதவங்களுக்குத்தான் அஞ்சு விநாடி.

பாக்கெட்பாண்டி:
நான் கேட்ட கேள்வி அப்படியே நிக்குது.

கன்சோல்கந்தன்:
30 ஆக்கினாலும் அது கார்டுதான் ஐயா. எஸ்எஸ்டி இல்லை.